மகன் ஏற்கெனவே கனடியன்தான். யோசிக்க வேண்டியது பாஸ்போர்ட்டைப் பற்றி

கோவையிலிருந்து ஒரு வாசகி நீளமான கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிவிட்டு அதன் சாரத்தைத் தருகிறேன்.

பெற்றோர் யாழ்ப்பாணத்துக்காரர்கள். 1983க்குப் பிறகு அப்பா கனடா போய், அகதியாக ஏற்கப்பட்டு, 1991இல் குடியுரிமை பெற்றார். அம்மா ஸ்பான்சர் விசாவுக்காகத் திருச்சியில் சொந்தக்காரர் வீட்டில் காத்திருந்த காலத்தில், 1992இல், இவர் பிறந்தார். அப்பா அப்போதே கனடியக் குடிமகன் என்பதால் இவரும் பிறந்த நாளிலிருந்து கனடியக் குடிமகள். சான்றிதழும் கையில் இருக்கிறது. மூன்று வயதில் டொரன்டோவின் ஸ்கார்பரோவுக்குப் போனவர். பள்ளி, பல்கலைக்கழகம், முதல் வேலை எல்லாம் அங்கேதான். 2018இல் கோவையைச் சேர்ந்த மென்பொருள் பொறியாளரைத் திருமணம் செய்துகொண்டு இங்கே வந்துவிட்டார். கணவர் இந்தியக் குடிமகன். இவரிடம் ஓசிஐ கார்டு (இந்திய வம்சாவளியினரோ இந்தியரை மணந்தவர்களோ ஆன வெளிநாட்டவர் இங்கே விசா இல்லாமல் தங்குவதற்கான அட்டை) இருக்கிறது.

மகன் 2021இல் கோவையில் பிறந்தான். மறு வருஷம் அவனுக்குக் கனடியக் குடியுரிமைச் சான்றிதழ் கேட்டு விண்ணப்பித்தபோது, தாயும் வெளிநாட்டில் பிறந்தவர், மகனும் வெளிநாட்டில் பிறந்தவன் என்ற காரணத்தால் மறுப்புக் கடிதம் வந்தது. "இருபது வருஷத்துக்கு மேல் அந்த ஊரில் வாழ்ந்தேன். அம்மா விசாவுக்குக் காத்திருந்த ஊரில் நான் பிறந்ததற்கு என் பிள்ளை என்ன செய்வான்?" என்று கேட்கிறார். இப்போது கனடாவில் சட்டம் மாறிவிட்டது என்று கேள்விப்பட்டிருக்கிறார். இரண்டாவது குழந்தையை ஆடி மாதம் எதிர்பார்க்கிறார். ஆனால் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்களாம். கடைசி ஐந்து வருஷத்தில் மூன்று வருஷம் கனடாவில் இருந்திருக்க வேண்டும் என்கிறார் தோழி. கனடியப் பேப்பரில் கை வைத்தாலே மகனின் இந்தியக் குடியுரிமை போய்விடும் என்று கணவர் பயப்படுகிறார். பதினெட்டு வயது வரை இரண்டும் வைத்துக்கொள்ளலாம், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார் கணவரின் அண்ணன். பிரசவத்தையே ஸ்கார்பரோவில் வைத்துக்கொள் என்கிறார் அம்மா. இதற்கிடையே மாமனார், பொள்ளாச்சியிலுள்ள தென்னந்தோப்பில் ஒரு பகுதியைப் பேரன் பெயருக்கு எழுதிவைக்க நினைக்கிறார்.

அன்புள்ள சகோதரி,

அந்த மறுப்புக் கடிதத்தை வாங்கிய நாளில் உங்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று எனக்குப் புரிகிறது. அது உங்கள் தவறால் வந்ததல்ல. கனடா 2009 ஏப்ரல் 17இல் கொண்டுவந்த 'முதல் தலைமுறை வரம்பு' என்ற விதியால் வந்தது. கனடாவுக்கு வெளியே பிறந்து, பெற்றோர் வழியாகக் குடியுரிமை பெற்ற ஒருவருக்குப் பிள்ளையும் வெளியே பிறந்தால், பெற்றோர் அந்த நாட்டில் எத்தனை காலம் வாழ்ந்திருந்தாலும், பிள்ளைக்குக் குடியுரிமை வராது என்பதே அது. அரசுப் பணியில் வெளிநாடு போனவர்கள் போன்ற சிலருக்கு மட்டும் விலக்கு இருந்தது. 2006 லெபனான் போரின்போது அங்கிருந்த சுமார் 15,000 கனடியர்களை அரசு செலவில் மீட்டார்கள். நாட்டோடு ஒட்டுறவே இல்லாதவர்களுக்கெல்லாம் குடியுரிமையா என்று அப்போது எழுந்த விவாதத்தின் சூடு இந்த விதியில் இருந்தது. ஒட்டுறவு இல்லாதவர்களைத் தடுக்கப் போட்ட வேலி, உங்களைப் போல அங்கேயே வளர்ந்தவர்களையும் சேர்த்து வெளியே நிறுத்திவிட்டது.

இதை எதிர்த்துச் சில குடும்பங்கள் வழக்குத் தொடுத்தன. ஒன்டாரியோ மேல்நிலை நீதிமன்றம் 2023 டிசம்பர் 19இல், இந்த வரம்பு கனடிய உரிமைச் சாசனத்துக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. வெளிநாட்டில் இருக்கும் கர்ப்பிணிப் பெண்கள் மேல்தான் இதன் பாரம் அதிகம் விழுகிறது என்பதும் அந்த வழக்கில் பேசப்பட்டது. மத்திய அரசு மேல்முறையீட்டுக்குப் போகவில்லை. முதலில் கொண்டுவந்த மசோதா, 2025 ஜனவரியில் நாடாளுமன்றக் கூட்டத்தொடர் முடித்துவைக்கப்பட்டதால் காலாவதியானது. அடுத்து வந்த சி-3 மசோதா 2025 நவம்பர் 20இல் ஒப்புதல் பெற்று, டிசம்பர் 15 முதல் நடைமுறையில் இருக்கிறது. நீங்கள் கேள்விப்பட்டது இதைத்தான்.

மகனைப் பொறுத்தவரை

புதிய சட்டம் 2025 டிசம்பர் 15 என்ற நாளை வைத்துப் பிள்ளைகளை இரண்டாகப் பிரிக்கிறது. அந்த நாளுக்கு முன் பிறந்து, பழைய வரம்பால் மட்டுமே விடுபட்டவர்கள் தானாகவே குடிமக்கள் ஆகிவிட்டார்கள். பெற்றோர் இத்தனை நாள் கனடாவில் இருந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இவர்களுக்கு இல்லை. உங்கள் மகன் 2021இல் பிறந்தவன். அதனால் இன்றைய சட்டத்தின் பார்வையில் அவன் பிறந்த நாளிலிருந்தே கனடியன். நீங்கள் எதுவும் 'வாங்க' வேண்டியதில்லை. இருப்பதை நிரூபிக்கும் சான்றிதழைக் கேட்டால் போதும்.

இதிலிருந்து இரண்டு விஷயங்கள். 2022இன் மறுப்பு நிரந்தரமானதல்ல. ஆனால் அந்தப் பழைய விண்ணப்பம் தானாக உயிர்பெறும் என்று காத்திருக்காதீர்கள். குடியுரிமைச் சான்றிதழுக்கான சிஐடி 0001 படிவத்தைப் புதிதாக நிரப்பி, 75 கனடிய டாலர் கட்டணத்தோடு அனுப்ப வேண்டும். பழைய மறுப்புக் கடிதத்தின் நகலையும் இணையுங்கள். மறைக்க அதில் ஒன்றுமில்லை. அடுத்தது, கணவருக்கும் மகனுக்கும் சேர்த்து பிஆர் (நிரந்தர வசிப்புரிமை) ஸ்பான்சர் போடலாமா என்று கடிதத்தின் ஓரத்தில் கேட்டிருந்தீர்கள். மகனுக்கு வேண்டாம். குடிமகனாக இருப்பவருக்கு பிஆர் கிடையாது. கணவருக்கு மட்டும் போடலாம், அதுவும் அவருக்கு பிஆர் கிடைக்கும்போது நீங்களும் கனடாவில் குடியிருப்பீர்கள் என்று காட்ட முடிந்தால்தான். அந்த முடிவை நீங்கள் இன்னும் எடுக்கவில்லை என்று கடிதத்திலிருந்து தெரிகிறது. அவசரப்பட வேண்டாம்.

பிறக்கப்போகும் குழந்தையும் 1,095 நாளும்

டிசம்பர் 15 முதல் பிறக்கும் குழந்தைகளுக்குத்தான் நாள் கணக்கு. உங்களைப் போல வெளிநாட்டில் பிறந்து, பெற்றோர் வழியாகக் கனடியரானவர், குழந்தை பிறப்பதற்கு முன்பு மொத்தம் 1,095 நாள், அதாவது மூன்று வருஷம், கனடா மண்ணில் இருந்திருக்க வேண்டும். தொடர்ச்சியாக இருக்க வேண்டியதில்லை. எந்த வயதில் இருந்தாலும் கணக்கில் சேரும். நீங்கள் நாலாம் வகுப்பு படித்த நாட்களும் சேரும்.

தோழி சொன்ன 'கடைசி ஐந்து வருஷத்தில் மூன்று' எங்கிருந்து வந்தது என்று ஊகிக்க முடிகிறது. இந்த மசோதா நாடாளுமன்றக் குழுவில் இருந்தபோது, ஐந்து வருஷத்துக்குள் 1,095 நாள் என்று இறுக்கும் திருத்தத்தை அங்கே சேர்த்தார்கள். பிறகு அவையில் அதை நீக்கிவிட்டார்கள். அந்த இடைக்காலச் செய்தியைப் படித்தவர்கள் இன்றும் அதையே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். தவிர, பிஆர் வைத்திருப்பவர்கள் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும்போது ஐந்து வருஷத்தில் 1,095 நாள் என்ற கணக்கு உண்டு. எண் ஒன்றாக இருப்பதால் இரண்டும் கலந்துபோகின்றன. உங்களுக்கு இது பொருந்தாது.

நீங்கள் அங்கே வாழ்ந்தது இருபது வருஷத்துக்கு மேல். தேவைக்கு ஏழு மடங்கு. ஆனால் வாழ்ந்தது வேறு, வாழ்ந்ததைத் தாளில் காட்டுவது வேறு. இதில்தான் நம்மவர்கள் பலர் தடுமாறுவார்கள். வீடு மாறும்போது பழைய காகிதங்களைத் தூக்கிப்போட்டிருப்போம். பள்ளிச் சான்றுகள், பல்கலைக்கழக மதிப்பெண் பட்டியல், வேலை பார்த்த வருஷங்களின் வருமான வரிக் கடிதங்கள், வாடகை ஒப்பந்தம், தடுப்பூசி அட்டை, பழைய பாஸ்போர்ட்டுகள் என்று எது கிடைத்தாலும் சேர்த்துவையுங்கள். பள்ளிக் கல்வி வாரியத்திடம் எழுதிக் கேட்டால் பழைய மாணவர் பதிவுகளின் நகல் தருவார்கள். கனடா எல்லைச் சேவை முகமையிடம் உங்கள் பயண வரலாற்றையும் கேட்டு வாங்கலாம். எல்லா வருஷத்துக்கும் தேடி அலைய வேண்டாம். உயர்நிலைப் பள்ளியும் பல்கலைக்கழகமும் சேர்ந்தாலே மூன்று வருஷத்தைத் தாராளமாகத் தாண்டிவிடும். அந்த வருஷங்களில் கோடை விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்தால் அந்த நாட்களைக் கழித்துவிட்டுக் கணக்கிடுங்கள்.

குழந்தை பிறந்த பிறகு தேடிக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். கைக்குழந்தையோடு, ஒன்பதரை, பத்தரை மணி நேர வித்தியாசத்தில் இருக்கும் ஒரு பள்ளி அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசுவது எவ்வளவு சிரமம் என்று யோசித்துப் பாருங்கள். அம்மாவோ தம்பியோ அங்கே இருக்கும்போதே, இப்போதே அவர்களிடம் இந்த வேலையைக் கொடுங்கள்.

கணவரின் பயம்

இதுவரை சொன்னது கனடாவின் சட்டம். உங்கள் வீட்டில் உண்மையான சிக்கல் இருப்பது இந்தியச் சட்டத்தில். கணவரின் பயத்தில் பாதி சரி, பாதி தவறு. அண்ணன் சொல்வது முழுக்கத் தவறு.

முதலில் மகனின் இந்திய நிலை. 2004 டிசம்பர் 3 முதல் இந்தியாவில் பிறந்த குழந்தைக்கு, பெற்றோரில் ஒருவர் இந்தியக் குடிமகனாகவும் மற்றவர் சட்டவிரோதமாகக் குடியேறியவராக இல்லாமலும் இருந்தால் பிறப்பாலேயே குடியுரிமை உண்டு. 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 3ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. நீங்கள் முறைப்படி விசாவில் வந்தவர். எனவே மகன் பிறப்பால் இந்தியன்.

இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. 9ஆம் பிரிவின்படி, ஓர் இந்தியக் குடிமகன் 'தானே விரும்பி' வேறு நாட்டுக் குடியுரிமையைப் பெற்றால் இந்தியக் குடியுரிமை அந்த நொடியே முடிந்துவிடும். யாரும் உத்தரவு போட வேண்டியதில்லை. இங்கே முக்கியமானது 'விரும்பி' என்பதுதான். மகன் எதையும் விரும்பிப் பெறவில்லை. டிசம்பர் 15 அன்று அவன் கோவையில் விளையாடிக்கொண்டிருந்தபோது, வேறொரு நாட்டின் சட்டம் அவனைக் குடிமகனாக்கியது. அதனால் மட்டும் அவன் இந்தியக் குடியுரிமை போகவில்லை. அதை உறுதிப்படுத்தும் சான்றிதழைக் கேட்பதும் புதிதாக ஒன்றைப் பெறுவது ஆகாது என்பது என் கருத்து. இந்த வகையில் கணவர் பயப்படத் தேவையில்லை.

ஆனால் பாஸ்போர்ட் அப்படியல்ல. 2009ஆம் ஆண்டுக் குடியுரிமை விதிகளின் மூன்றாம் அட்டவணை தெளிவாகச் சொல்கிறது: வேறு நாட்டு பாஸ்போர்ட் வாங்கியிருந்தால், அந்த நாட்டுக் குடியுரிமையை விரும்பிப் பெற்றதற்கு அதுவே முடிவான ஆதாரம். எதிர்த்து வாதாட இடமில்லாத ஆதாரம் என்று பொருள். விவரம் தெரியாத குழந்தைக்குப் பெற்றோர் எடுத்துக் கொடுத்த பாஸ்போர்ட், குழந்தையின் விருப்பம் ஆகுமா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான், நீதிமன்றத்தில் வாதாடவும் செய்யலாம். ஆனால் அந்த வாதம் வருஷக்கணக்கில் இழுக்கும். உங்கள் பிள்ளையின் படிப்பு அந்த வழக்கைப் பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது. கனடிய பாஸ்போர்ட் எடுக்கும் அன்று இந்தியக் குடியுரிமை முடிகிறது என்று வைத்துக்கொண்டே திட்டமிடுங்கள்.

அண்ணன் சொல்லும் பதினெட்டு வயதுக் கணக்கு 4ஆம் பிரிவில் வருவது. வெளிநாட்டில் பிறந்து, வம்சாவளியால் இந்தியரான பிள்ளைகள் வேறு நாட்டுக் குடியுரிமையும் வைத்திருந்தால், பதினெட்டு நிறைந்து ஆறு மாதத்துக்குள் அதைத் துறக்க வேண்டும் என்கிறது அந்தப் பிரிவு. உங்கள் மகன் கோவையில் பிறந்தவன். 3ஆம் பிரிவின்படி குடிமகன். அந்த அவகாசம் அவனுக்கு எழுதப்பட்டதே அல்ல. ஒருவேளை இழந்தாலும் பெரியவனானதும் ஓர் அறிவிப்பு கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்றும் பலர் நம்புகிறார்கள். அந்த வழி, பெற்றோர் முறைப்படி அறிவித்துத் துறந்ததால் தங்கள் குடியுரிமையையும் இழந்த பிள்ளைகளுக்கு மட்டுமே உரியது. பெற்றோர் வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றதால் 9ஆம் பிரிவின் கீழ் இழந்திருந்தால் அது பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2024 அக்டோபரில் சொல்லிவிட்டது. சிங்கப்பூரில் பிறந்த ஒரு தமிழ் இளைஞர் சென்னை உயர் நீதிமன்றத்தில் வென்று வந்த வழக்கு அது. உச்ச நீதிமன்றத்தில் நிற்கவில்லை. உங்கள் மகனுக்குத் தன் பாஸ்போர்ட்டாலேயே போகும் என்பதால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. ஓசிஐ அட்டையில் ஐந்து வருஷம் இருந்து, இந்தியாவில் ஒரு வருஷம் தங்கி, பதிவு மூலம் விண்ணப்பிப்பது என்று நீளமான வேறொரு பாதை உண்டு. அதற்கும் கடைசியில் கனடியக் குடியுரிமையை விட வேண்டும்.

பாஸ்போர்ட்டை எப்போது எடுப்பது

இதற்கு என்னால் ஒரே வரியில் பதில் சொல்ல முடியாது. ஆனால் எந்தெந்த வாசல் திறக்கும், எது மூடும் என்று சொல்கிறேன்.

கனடிய பாஸ்போர்ட் எடுத்தால் மகன் இந்திய பாஸ்போர்ட்டை ஒப்படைத்து, அதற்கான சான்று பெற்று, ஓசிஐ அட்டை வாங்க வேண்டும். தந்தை இந்தியர் என்பதால் ஓசிஐ கிடைப்பதில் தடையில்லை. ஆனால் அட்டை கைக்கு வரும்வரை அவன் இந்த மண்ணில் ஒரு வெளிநாட்டவர். விசா இல்லாத வெளிநாட்டவர். இந்த இடைவெளியைப் பலர் யோசிப்பதில்லை. பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கும் முன்பே வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் பேசி, அவன் இங்கே தங்குவதை முறைப்படுத்த என்னென்ன தாள் வேண்டும் என்று கேட்டு வையுங்கள்.

ஓசிஐ அட்டை பெரும்பாலான அன்றாட விஷயங்களுக்குப் போதும் என்று உங்களுக்கே தெரியும். ஓட்டுரிமை இல்லை, அரசு வேலை இல்லை. நம் வீடுகளில் இதைவிடப் பெரிதாக வலிப்பது வேறொன்று. 2021 மார்ச் 4 அறிவிக்கையின்படி, நீட் போன்ற நுழைவுத் தேர்வுகள் வழியாக ஓசிஐ மாணவர்கள் என்ஆர்ஐ இடங்களுக்கும் கூடுதலாக உருவாக்கப்படும் இடங்களுக்கும்தான் போட்டியிட முடியும். இந்தியக் குடிமக்களுக்கென்று உள்ள இடங்களுக்கு முடியாது. அதற்கு முன் அட்டை வாங்கியவர்களுக்கு இது பொருந்தாது என்று 2023இல் உச்ச நீதிமன்றம் விலக்கு கொடுத்தது. இனி அட்டை வாங்கப்போகும் உங்கள் மகனுக்கு அந்த விலக்கு கிடைக்காது. நாலு வயதுப் பிள்ளை டாக்டர் ஆவானா என்று இன்று யாருக்குத் தெரியும்? ஆனால் அந்த வாசலை மூடுகிறோம் என்று தெரிந்தே மூட வேண்டும்.

பாஸ்போர்ட் எடுக்காமலே இருந்தால்? இந்தியக் குடியுரிமை பத்திரமாக இருக்கும். ஆனால் கனடாவுக்குப் போவது சிக்கலாகும். 2023இல் மகனை இந்திய பாஸ்போர்ட்டில் பார்வையாளர் விசா எடுத்து அம்மாவிடம் கூட்டிப்போனதாக எழுதியிருக்கிறீர்கள். இனி அது நடக்காது. கனடியக் குடிமகனுக்குக் கனடா வழக்கமாக விசா தராது. விமானம் ஏறக் கனடிய பாஸ்போர்ட் கேட்கும். அவன் குடிமகன் என்பதை மறைத்து விசா கேட்பது உங்களையும் கணவரையும் பொய்த் தகவல் கொடுத்த பிரச்சினையில் மாட்டிவிடும். நாளைக்குக் கணவரின் பிஆர் விண்ணப்பத்தையும் அது பாதிக்கும். மூட்டு வலியோடு பேரனைப் பார்க்கக் காத்திருக்கும் உங்கள் அம்மாவிடம் இதைச் சொல்வது கஷ்டம்தான். அவரால் இப்போதைக்கு இங்கே வர முடியுமா என்று பாருங்கள்.

இன்னொரு நாளும் நெருங்குகிறது. குழந்தைகளின் இந்திய பாஸ்போர்ட் ஐந்து வருஷத்துக்குத்தான். மகனுடையது இந்த வருஷக் கடைசியில் முடிகிறது. புதுப்பிக்கும் படிவத்தில், வேறு நாட்டுக் குடியுரிமை கொடுக்கப்பட்டிருக்கிறதா, வேறு நாட்டு பாஸ்போர்ட் வைத்திருந்ததுண்டா என்று கேள்விகள் வரும். பாஸ்போர்ட் இல்லை என்பது உண்மை. குடியுரிமைக் கேள்விக்கு 'இல்லை' என்று எழுதிவிடாதீர்கள். கனடியச் சட்ட மாற்றத்தால், விண்ணப்பிக்காமலே, பிறப்பு முதல் வந்தது, பாஸ்போர்ட் எடுக்கவில்லை என்று ஒரு கடிதம் இணையுங்கள். பாஸ்போர்ட் அலுவலகம் விளக்கம் கேட்கலாம், தாமதமாகலாம். அதற்குப் பயந்து உண்மையை மறைத்தால் 1967ஆம் ஆண்டுப் பாஸ்போர்ட் சட்டப்படி அது குற்றம். படிவத்தை அனுப்பும் முன் ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள்.

என் அபிப்பிராயத்தைக் கேட்டிருக்கிறீர்கள், சொல்கிறேன். குடும்பமாகக் கனடா போகப்போகிறோம் என்று இரண்டு மூன்று வருஷத்துக்குள் முடிவு எடுக்கும் எண்ணம் இருந்தால், அப்போது எல்லாவற்றையும் ஒழுங்காக, ஒரே மூச்சில் செய்யுங்கள். கோவையிலேயே இருப்பதுதான் திட்டம் என்றால், சான்றிதழை மட்டும் இப்போது வாங்கிப் பெட்டியில் வையுங்கள். கனடியக் குடியுரிமை பாஸ்போர்ட் எடுக்காததால் காலாவதியாகாது. பிள்ளை வளர்ந்து தானே யோசித்து முடிவு செய்யலாம். இரண்டு பாஸ்போர்ட்டையும் கையில் வைத்துக்கொண்டு, போகும்போது ஒன்று வரும்போது ஒன்று என்று காட்டுவது மட்டும் வேண்டவே வேண்டாம். அப்படி மாட்டிக்கொண்ட குடும்பங்களின் தாள்களை என் மேசையில் பார்த்திருக்கிறேன்.

பிரசவம் எங்கே

அம்மா சொல்வதில் சட்டப்படி ஒரு நியாயம் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். கனடாவில் பிறக்கும் குழந்தை, நாளைக்குத் தன் பிள்ளை வெளிநாட்டில் பிறந்தாலும் நாள் கணக்கு இல்லாமல் குடியுரிமையைக் கொடுக்கும். கோவையில் பிறக்கும் குழந்தைக்கு அப்படி வராது. அந்தக் குழந்தையும் உங்கள் மூத்த மகனும் பெரியவர்களாகி, அவர்கள் பிள்ளைகள் கனடாவுக்கு வெளியே பிறந்தால், இவர்கள் இருவரும் தாங்கள் 1,095 நாள் அங்கே இருந்ததைக் காட்ட வேண்டியிருக்கும். மகன் தானாகக் குடிமகன் ஆனான் என்பதால் அவன் பிள்ளைகளும் தானாக ஆவார்கள் என்று நினைத்துவிடாதீர்கள்.

ஆனாலும் பேரப்பிள்ளைகளின் கணக்குக்காக நிறைமாதத்தில் அவ்வளவு தூரம் பறக்க வேண்டாம் என்றுதான் சொல்வேன். நீங்கள் ஒன்டாரியோவில் வசிப்பவர் இல்லை என்பதால் அந்த மாகாணத்தின் இலவச மருத்துவம் தானாகக் கிடைக்காது. பிரசவச் செலவு உங்கள் கையிலிருந்துதான். அங்கே பிறக்கும் குழந்தைக்கு இந்தியக் குடியுரிமை தானாக வராது. ஒரு வருஷத்துக்குள் இந்தியத் தூதரகத்தில் பதிய வேண்டும், வேறு நாட்டு பாஸ்போர்ட் இல்லை என்று எழுதித்தர வேண்டும். உங்கள் பிள்ளைகள் இருவரும் ஆளுக்கொரு சட்ட நிலையில் வளர வேண்டிவரும். உங்கள் நாட்கள் ஏற்கெனவே போதுமான அளவு இருக்கும்போது, கோவையில் பிறக்கும் குழந்தையும் அதே நாளிலிருந்து கனடியன்தான், இந்தியனும்தான்.

தென்னந்தோப்பு

மாமனாரிடம் இதைச் சொல்லுங்கள். ஓசிஐ அட்டைக்காரர் விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு ஆகியவற்றை விலைக்கு வாங்க முடியாது, தானமாகவும் பெற முடியாது. வாரிசுரிமையில் வந்தால் வைத்துக்கொள்ளலாம். மகன் இன்று இந்தியக் குடிமகன், இங்கேயே வசிக்கிறவன். எனவே இப்போது தானசெட்டில்மென்ட் எழுதுவதற்குத் தடையில்லை. முறைப்படி வந்த நிலத்தை, பிறகு பாஸ்போர்ட் மாறினாலும் வைத்திருக்கலாம். விற்பதென்றால் இந்தியாவில் வசிக்கும் இந்தியக் குடிமகனுக்குத்தான் விற்க முடியும். இல்லை, உயிரோடு இருக்கும்வரை தோப்பு தன் பெயரிலேயே இருக்கட்டும் என்று அவர் நினைத்தால், உயில் எழுதிப் பதிவு செய்யலாம். பாஸ்போர்ட் எது என்ற கேள்வியே அப்போது குறுக்கே வராது. இரண்டில் எது என்பது வயதானவர் மனசு சம்பந்தப்பட்டது. குடியுரிமையைச் சொல்லி அவரை அவசரப்படுத்த வேண்டாம்.

விண்ணப்பத்தில் கவனிக்க

மகனின் மாநகராட்சிப் பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். தாயின் பெயர் உங்கள் கனடியச் சான்றிதழிலும் பாஸ்போர்ட்டிலும் இருப்பது போலவே இருக்கிறதா? நம் ஊரில் இனிஷியலோடு ஒரு பெயர், கணவர் பெயர் சேர்த்து ஒரு பெயர், கனடாவில் அப்பா பெயர் குடும்பப் பெயராக நின்ற ஒரு பெயர் என்று ஒரே பெண்ணுக்கு மூன்று பெயர் இருப்பது சகஜம். அங்கே இருக்கும் அதிகாரிக்கு அது மூன்று பெண்கள். வித்தியாசம் இருந்தால், திருமணச் சான்றிதழோடு, இரண்டு பெயரும் ஒருவருடையதே என்ற நோட்டரி பிரமாணப் பத்திரத்தையும் இணையுங்கள். பிறக்கப்போகும் குழந்தையின் சான்றிதழில் ஆரம்பத்திலேயே பாஸ்போர்ட்டில் உள்ளபடி பெயர் போடச் சொல்லி மருத்துவமனைப் படிவத்தில் நீங்களே எழுதிக் கொடுங்கள்; பிரசவ வார்டில் யாராவது சொல்லக் கேட்டு எழுதுவதுதான் பின்னால் தலைவலியாகிறது. தமிழில் உள்ள எந்தத் தாளுக்கும் சான்றளிக்கப்பட்ட ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும்.

கனடிய விண்ணப்பத்துக்கு ஆள் வைத்துக்கொள்வதானால், அந்த நாட்டில் உரிமம் பெற்ற வழக்கறிஞரா அல்லது பதிவுபெற்ற குடிவரவு ஆலோசகரா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மகனுடையது நேரான விண்ணப்பம். படிவத்தைப் பொறுமையாகப் படித்தால் நீங்களே செய்துவிடலாம். 'சி-3 ஸ்பெஷல் பேக்கேஜ்' என்று லட்சக்கணக்கில் கேட்பவர்களுக்குப் பணம் கொடுக்காதீர்கள். பதில் வரப் பல மாதம் ஆகலாம் என்பதால், மகனுடைய விண்ணப்பத்தைப் பிரசவத்துக்கு முன்பே அனுப்பிவிடுங்கள். இரண்டாவது குழந்தையுடையதைப் பிறப்புச் சான்றிதழ் கைக்கு வந்ததும், நீங்கள் சேர்த்துவைத்திருக்கும் 1,095 நாள் ஆதாரங்களோடு அனுப்பலாம். அந்த ஆதாரங்களைப் பார்த்துச் சொல்ல வேண்டுமென்றால் மறுபடியும் எழுதுங்கள், பார்க்கிறேன்.